எழுந்து நின்ற குளம்

கால் கிடையாது, ஆனால் சுவரேறும். பல் கிடையாது, ஆனால் சுண்ணாம்பைத் தின்னும். அழைக்காமல் வரும், விரட்டினால் பெயிண்டுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். அது என்ன, சொல்லுங்கள் பார்ப்போம்.

பல்லி என்று சொல்லாதீர்கள், பல்லிக்குக் கால் உண்டு. கறையானும் இல்லை. அது ஓதம். பழைய வீடுகளின் அடிமண்ணிலிருந்து கிளம்பி, செங்கல் செங்கலாகத் தாவி, முழங்கால் உயரம் வந்து, பிறகு இடுப்புயரம் வந்து, காரையை உப்பவைத்து உதிர்க்கும் ஈரம். மருதங்குளம் தெருவில் எல்லோருக்கும் அதைத் தெரியும். கதை அந்தத் தெருவில்தான் நடந்தது.

மருதங்குளம் தெருவில் மருதமரமும் இல்லை, குளமும் இல்லை. பெயரில் இருக்கிறதே என்று யாரும் தேடியதும் இல்லை. மேற்கே மலை தெரியும் ஊர்தான், ஆனால் மலையில் பெய்கிற மழை மலையோடு நின்றுவிடும். தெருவுக்கு லாரியில்தான் தண்ணீர் வரும். ஒரு வரிசை வீடுகள் அத்தனையும் ஒரே நெடுஞ்சுவரில் முதுகைச் சாய்த்துக்கொண்டு நின்றன. அந்தச் சுவர் வீடுகளைவிடப் பழையது. யார் கட்டியது என்று தெரியாததால் அது எல்லோருக்கும் சொந்தம். எல்லோருக்கும் சொந்தம் என்பதால் ஒருவரைக் கேட்காமல் மற்றவர் அதை இடிக்கவோ உடைக்கவோ கூடாது என்பது தெருக்கட்டு. ஒவ்வொரு வீட்டின் உள்ளறைக்கும் அந்தச் சுவரில் ஒரு துண்டு கிடைத்திருந்தது.

முதலில் தெருவுக்கு சிமெண்ட் போட்டார்கள். பிறகு அவரவர் வாசலுக்கு சிமெண்ட் போட்டார்கள், முற்றத்துக்கு டைல்ஸ் ஒட்டினார்கள், புல் முளைக்க ஒரு விரல் அகல மண்ணைக்கூட விட்டுவைக்காமல் பூசி மெழுகித் தெருவைச் சாப்பாட்டுத் தட்டுபோல ஆக்கினார்கள். அதற்குப் பிறகுதான் சுவரில் ஓதம் ஏறத் தொடங்கியது. பள்ளிக்கூட வேன் ஓட்டும் தளவாய், சுண்ணாம்புக் காரை உதிர்கிறதே என்று அதைச் சுரண்டிவிட்டு இடுப்புயரத்துக்கு சிமெண்ட் பூசினான். ஈரம் கழுத்துயரத்துக்குப் போனது. கழுத்துயரத்துக்குப் பூசினான். ஈரம் உத்தரத்தைத் தொட்டது. அவன் மனைவி கோமு அதன்மேல் பூப்போட்ட பிளாஸ்டிக் தாளை ஒட்டி, நான்கு மூலையிலும் ஆணி அடித்து, "இனி நீ வா பார்ப்போம்" என்று சுவரைப் பார்த்துச் சொன்னாள்.

வந்தது. ஒரு காலையில் பிளாஸ்டிக் தாளும் சிமெண்ட் பூச்சும் ஒன்றாகச் சரிந்து தரையில் கிடந்தன. பல் விளக்கிக்கொண்டே உள்ளறைக்குப் போன ஆவுடை, மூன்றாம் வகுப்பு படிக்கும் அவர்கள் மகள், வாயில் நுரையோடு நின்றுவிட்டாள்.

"எம்மா, சுவத்துல மீன் போவுது."

"போனா போவட்டும். நீ வந்து தலைய சீவு, அப்பா வேன எடுத்திட்டு நிக்காரு."

குளம் எழுந்து நின்றிருந்தது. காலையில் சுருட்டிய பாயைச் சுவரில் சாத்திவைப்பார்களே, அதுபோல, எத்தனையோ காலம் மண்ணுக்கடியில் படுத்துக் கிடந்த குளம், மேலே மூச்சுவிட ஓர் ஓட்டையும் இல்லாமற்போனதும் எழுந்து சுவருக்குள் நின்றுகொண்டது. தரையில் ஒரு சொட்டு ஒழுகவில்லை. உள்ளங்கையை வைத்தால் குளிர்ந்தது, எடுத்தால் கை நனைந்திருந்தது. உள்ளே பாசி அசைந்தது, பாசிக்குப் பின்னால் இன்னும் பாசி, அதற்கும் பின்னால் பச்சை கறுத்துக் கறுத்துப் போய்க் கண்ணுக்கு எட்டாத ஆழம். அந்த ஆழத்திலிருந்து ஒரு பெரிய விரால் மீன், சிவப்பு மிளகாய் விதையை அள்ளித் தூவியதுபோன்ற குஞ்சுக் கூட்டத்தை முன்னே விட்டு, அவசரமே இல்லாமல் வலமிருந்து இடமாகப் போய், அறையின் குறுக்குச்சுவருக்குப் பின்னால் மறைந்தது. மறைந்ததும் அடுத்த வீட்டிலிருந்து சண்முகக்கனியின் குரல் கேட்டது.

"ஏ கோமு! உங்க வீட்டுலருந்து என்னத்தட்டி அனுப்பி விட்டிருக்க?"

இப்படித்தான் தெருவுக்குத் தெரியவந்தது. அன்று மாலைக்குள் யார் வீட்டுக்குக் குளத்தின் எந்தப் பகுதி வந்திருக்கிறது என்று எல்லோரும் எல்லோர் வீட்டுக்கும் போய்ப் பார்த்துவிட்டார்கள். முனை வீட்டுக்குப் படித்துறை வந்திருந்தது; தேய்ந்த கற்படிகள் சுவரில் பக்கவாட்டாக இறங்கிப் போயின. சண்முகக்கனி வீட்டுக்குத் தாமரை. தளவாய் வீட்டுக்கு நடுக்குளம். டீக்கடை வைத்திருக்கும் கொம்பையாவுக்குச் சகதி.

"எல்லாருக்கும் தாமர, எனக்கு மட்டும் சவதியா?" என்று கொம்பையா தெருவில் நின்று நியாயம் கேட்டார். "நான் மட்டும் என்ன வே பாவம் செஞ்சேன்?"

"டீயில தண்ணி ஊத்துனீருல்லா, அந்தத் தண்ணியெல்லாம் எங்க போவும்? அங்கதான் வந்து கெடக்கு" என்றாள் சண்முகக்கனி. தெருவே சிரித்தது. ஆனால் சில நாளில் அந்தச் சகதியிலிருந்து நண்டுகள் வெளிவந்து சுவரில் ஓடி விளையாடத் தொடங்கின. அதன் பிறகு டீக்கடைக்கு வருகிறவர்களைக் கொம்பையாவே கையைப் பிடித்து உள்ளறைக்கு இழுத்துப் போய், "தாமரைய யாரு வேணும்னாலும் பாக்கலாம், நண்டு வளையிலருந்து எட்டிப் பாக்கத பாத்திருக்கியா?" என்று கேட்டார்.

நகராட்சியிலிருந்து ஒருவர் வந்தார். சுவரைத் தட்டினார், காதை வைத்துக் கேட்டார், போனார். மறுநாள் 'இங்கு குளிக்கவோ துணி துவைக்கவோ கூடாது' என்று ஒரு போர்டு வந்தது. அதோடு அரசாங்கத்தின் வேலை முடிந்தது. மற்றதைத் தெருவே பார்த்துக்கொண்டது. சுவரில் ஆணி அடிக்கக் கூடாது என்று முடிவாயிற்று. காலண்டர்களும் கல்யாணப் படங்களும் எதிர்ச் சுவருக்கு மாறின. மிக்ஸி சத்தத்தில் குஞ்சுகள் சிதறுகின்றன என்று வாசலில் வைத்துச் சட்னி அரைத்தார்கள். புருஷன் பெண்டாட்டிச் சண்டைகள் முன்னறைக்கு வந்தன. முன்னறையில் போட்டால் தெருவுக்குக் கேட்கும் என்பதால் பாதிச் சண்டை போடாமலே போயிற்று. விரால் ஒரு வீட்டைக் கடக்கும்போது அந்த வீட்டார் அடுத்த வீட்டுக்குக் குரல் கொடுக்க வேண்டும் என்பதும் வழக்கமானது. யார் முதலில் தொடங்கினார்கள் என்று தெரியாது. "மதினி, வருது!" என்று கோமு கத்துவாள். "வரட்டும், வரட்டும்!" என்பாள் சண்முகக்கனி. காலும் கையும் விழுந்து ஒரே பக்கமாகப் படுத்துக் கிடந்த அவள் புருஷன் அரியநாயகம், தாமரை வந்த நாளிலிருந்து தானே கழுத்தைத் திருப்பிச் சுவரைப் பார்க்கத் தொடங்கியிருந்தார். மொட்டு விரிகிற நேரத்தில் அவரிடம் யாரும் பேச்சுக் கொடுப்பதில்லை.

ஆவுடைக்கு நடுக்குளம். அவள் பள்ளி விட்டு வந்ததும் பையைக்கூடக் கழற்றாமல் சுவருக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்துவிடுவாள். அவளுக்குத்தான் முதலில் அந்த மரம் தெரிந்தது. நீருக்குள் தலைகீழாக, வெள்ளைப் பட்டையும் பரந்த கிளையுமாக ஒரு மருதமரத்தின் நிழல் ஆடியது. திரும்பிப் பார்த்தால் பின்னால் இருந்தது பீரோவும் தையல் மெஷினும்தான். ஆனால் குளம் பீரோவைப் பார்க்கவில்லை, தையல் மெஷினைப் பார்க்கவில்லை. தனக்கு நினைவிருந்த மரத்தையே பார்த்துக்கொண்டு நின்றது.

சித்திரை மாதம் ஒரு நடுப்பகலில், தார் உருகி செருப்பில் ஒட்டுகிற வெயிலில், சுவருக்குள் மழை பெய்தது. முதலில் ஒரு வளையம் விரிந்தது. அதன் பக்கத்தில் இன்னொன்று. பிறகு எண்ண முடியாதபடி வளையத்துக்குள் வளையமாக நெடுஞ்சுவர் முழுக்கப் பூத்து விரிந்து உடைந்தன. வீட்டுக்கு வீடு மண்வாசனை எழும்பித் தெருவில் இறங்கியது. மனிதர்கள் போட்டது போட்டபடி ஓடிவந்து, யார் வீடு என்று பார்க்காமல் கிடைத்த வீட்டுக்குள் நுழைந்து, கைகளைக் கோத்துக்கொண்டு சுவருக்கு முன்னால் நின்றார்கள். மேலே ஓடு காய்ந்து வெடித்துக்கொண்டிருந்தது. கொம்பையா மட்டும் எங்கிருந்தோ குடையை எடுத்துவந்து விரித்துப் பிடித்துக்கொண்டார். அவரைப் பார்த்து அன்றைக்கு யாரும் சிரிக்கவில்லை.

ஆவுடைக்கு மழையைவிடப் பெரிதாகப்பட்டது வேறொன்று. விரால் மீனுக்குத் தண்ணீருக்குள் இருக்கும் காற்று போதாது. கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை அது மேல்மட்டத்துக்கு வந்து வெளிக்காற்றைக் குடித்தாக வேண்டும். குளம் படுத்திருந்தால் மேல்மட்டம் வானத்தைப் பார்த்திருக்கும். நிற்கிற குளத்துக்கு மேல்மட்டம் அவள் முகத்துக்கு நேரே இருந்தது. ஆழத்திலிருந்து விரால் நேராக அவளை நோக்கி வரும்; பெரிதாகிக்கொண்டே வரும்; பாம்புபோன்ற அதன் தலை சுவரை வந்து தொடும்; 'பொளக்' என்று ஒரு சத்தம், சுவரில் ஒரு குமிழி உடையும், அவள் மூக்கில் ஒரு துளி தெறிக்கும். மீன் திரும்பிப் போகும். ஒவ்வொரு முறையும் ஆவுடை தன் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்துவிட்டு, குமிழி உடைந்ததும்தான் விடுவாள்.

அவள் மூச்சைப் பிடிக்கப் பழகிக்கொண்டிருந்த அதே அறையில், அவள் தம்பி ராசாவுக்கு மூச்சு முட்டத் தொடங்கியது.

இன்னும் நடை பழகாத பிள்ளை. முதலில் இருமினான். பிறகு நெஞ்சுக்குள் பூனைக்குட்டி கத்துவதுபோல ஒரு சத்தம். விலா எலும்புகளுக்கு நடுவே தோல் குழிந்து குழிந்து எழுந்தது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடி, மூக்கில் மூடியை வைத்து மருந்துப் புகையை இழுக்க வைத்து, சரியாகி, வீட்டுக்கு வந்தால் மறுபடியும் பூனைக்குட்டி. டாக்டரம்மா கோமுவிடம் நிதானமாகக் கேட்டாள்.

"வீட்டுல ஓதம் இருக்கா?"

"குளம் இருக்கு டாக்டர்."

"குளம் இருக்கட்டும். பிள்ளை அங்கே இருக்கக் கூடாது. சுவரைக் காய வையுங்க, இல்லன்னா வீட்டை மாத்துங்க."

கொத்தனார் ஆபிரகாமைக் கூட்டிவந்து காட்டினார்கள். அவர் சுவரின் அடிப்பக்கம் உட்கார்ந்து, விரலால் கோடு இழுத்துக் காட்டினார். தரையை ஒட்டி வரிசையாகத் துளை போட வேண்டும். துளைக்குள் ஓதம் நிறுத்துகிற மருந்தை ஊற்ற வேண்டும். அது செங்கலுக்குள் பரவி, கீழிருந்து வருகிற நீரை மறித்துவிடும். பிறகு மேலே இருக்கிறது தானாகக் காய்ந்துவிடும். நல்ல சுண்ணாம்புப் பூச்சுப் பூசிக்கொள்ளலாம்.

"குளம் என்ன ஆவும் அண்ணாச்சி?" என்று கேட்டாள் ஆவுடை.

"படுத்துக்கிடும் பாப்பா."

"எங்க படுக்கும்? கீழதான் சிமெண்ட் போட்டாச்சே."

ஆபிரகாம் ரசமட்டத்தைத் துடைத்துப் பைக்குள் வைத்தார். "அப்பம் வத்திரும்" என்றார். பொய் சொல்ல அவருக்கு மனம் வரவில்லை.

ஒரு வீட்டில் துளை போட்டாலும் மொத்தக் குளமும் இறங்கிவிடும் என்பதால், தெருக்கட்டுப்படி எல்லோரையும் கேட்க வேண்டியிருந்தது. தெருக்கோடி மாரியம்மன் கோயில் முன்னால் ஞாயிற்றுக்கிழமை காலையில் கூடினார்கள். கோமு ராசாவை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். அவன் நெஞ்சுச் சத்தம் எல்லோருக்கும் கேட்டது.

"நான் வாக்கப்பட்டு வந்த வீடு" என்றாள் கோமு. "இந்த வீட்ட விட்டா எங்களுக்கு பஸ்டாண்டுப் பக்கம் எங்கண்ணன் காட்டுத மாடி வீடுதான். அங்க போனா திரும்பி வர முடியாது, இந்த ஓதம் பிள்ளைக்கு ஒத்துக்கிடாது. எம்பிள்ளைக்கு மூச்சு வேணும். எனக்கு வீடும் வேணும். ரெண்டும் கேக்கது தப்பா?"

யாரும் தப்பு என்று சொல்லவில்லை. சண்முகக்கனி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். கடைசியில் அவளே பேசினாள்.

"பிள்ளதான் பெருசு, நான் இல்லைங்கல. ஆனா எங்க வீட்டு மனுசன் காலையில கண்ணு முழிச்சு அந்தப் பூவத்தான் தேடுதாரு. அவருகிட்ட போயி நான் என்ன சொல்ல, நீங்களே சொல்லிக் குடுங்க."

தளவாய் வேன் சாவியை விரலில் சுற்றிச் சுற்றி நிறுத்திவிட்டு, "எனக்குச் சொல்லத் தெரியல" என்றான். எதற்கும் எதிர்வாதம் வைத்திருக்கும் கொம்பையாவும் மண்ணைப் பார்த்தார். ஒருவரும் தீர்த்துச் சொல்ல முடியாதபோது அந்தத் தெருவில் செய்வது ஒன்றுதான். பூக் கட்டிப் பார்ப்பது. வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனியே இலையில் பொதிந்து, அம்மன் காலடியில் வைத்து, ஒரு சின்னப் பிள்ளையை விட்டு ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். எது வருகிறதோ அதுதான் அம்மன் வாக்கு. அதன் பிறகு பேச்சில்லை.

வெள்ளை வந்தால் சுவரில் துளை போடுவது. சிவப்பு வந்தால் சுவரைத் தொடாமல் விடுவது. கோமு குடும்பம் மாடி வீட்டுக்குப் போய்விடுவது.

எந்தப் பிள்ளை எடுப்பது என்பதில்தான் இழுபறி. முனை வீட்டுப் பேரன் படித்துறைப் பக்கம் என்றார்கள். கொம்பையா மகள் நண்டுப் பக்கம் என்றார்கள். அப்போது கோமு, "எம்மகளே எடுக்கட்டும்" என்றாள். தம்பிமேல் உயிரையே வைத்திருக்கும் பிள்ளை, அதன் கை நல்லதைத்தான் எடுக்கும் என்று நினைத்தாள். சண்முகக்கனியும் உடனே, "ஆவுடைதான் சரி" என்றாள். குளத்தைவிட்டுக் கண்ணெடுக்காத பிள்ளை, அதன் கையில் தப்பு வராது என்று அவள் நினைத்தாள். இரண்டு பக்கமும் ஒரே பிள்ளைக்குச் சம்மதித்ததே நல்ல சகுனம் என்று பூசாரி மணியை அடித்தார்.

வழக்கமாக வெள்ளைக்கு நந்தியாவட்டைதான் வைப்பார். அதற்கு மணமில்லை. அந்த வெயிலில் கோயில் நந்தியாவட்டை கருகிப்போயிருந்ததால், பூக்கூடைக்காரியிடமிருந்து ஒரு கை மல்லிகையை வாங்கிப் பூவரசு இலையில் வைத்து மடித்தார். சிவப்புக்கு வேலியோரத்து இட்லிப்பூ; அதற்கும் மணம் கிடையாது. இரண்டையும் ஒரே அளவாக மடித்து, ஒரே நாரால் கட்டி, கண்ணை மூடிக்கொண்டு தட்டில் போட்டுக் குலுக்கினார். எது எதுவென்று இனி அவருக்கே தெரியாது. கூடியிருந்த பெண்கள் எல்லோர் தலையிலும் மல்லிகை இருந்ததால், தட்டிலிருந்து வந்த வாசனை யாருக்கும் தனியாகத் தெரியவில்லை.

ஆவுடை குட்டையான பிள்ளை. அம்மன் காலடியில் வைத்த தட்டு அவள் முகத்துக்கு நேரே இருந்தது. அவள் முகத்தைக் கிட்டே கொண்டுபோனாள். வலப்பக்கத்துப் பொட்டலம் மணத்தது. இடப்பக்கத்துப் பொட்டலத்தில் பச்சை இலையின் வாடை மட்டும் வந்தது. நிச்சயம் செய்துகொள்ள இன்னொரு முறை முகர்ந்தாள். அதேதான்.

அவள் நிமிர்ந்து பூசாரியைப் பார்த்தாள். பூசாரி கண்ணை மூடி அம்மனை அழைத்துக்கொண்டிருந்தார். தெரு முழுவதும் கண்ணை மூடியிருந்தது. அம்மாவும் மூடியிருந்தாள், அவள் உதடு மட்டும் அசைந்தது. தம்பி ஒருவன்தான் விழித்திருந்தான். அவன் அம்மாவின் தோளிலிருந்து தலையைத் தூக்கி, அக்காவைப் பார்த்துச் சிரித்து, சிரிப்பு நடுவிலேயே இருமலாக மாற, திரும்பவும் தோளில் சாய்ந்துகொண்டான். அவன் முதுகு ஏறி இறங்குவதை ஆவுடை பார்த்தாள். மாடி வீட்டை அவள் ஒருமுறை போய்ப் பார்த்திருக்கிறாள். புதுச் சுவர், காய்ந்த சுவர், வெள்ளையடித்த சுவர். அதில் பார்க்க ஒன்றும் கிடையாது. தெருவுக்குள்ளிருந்து அப்போது அரியநாயகத்தின் வீட்டுப் பக்கமாக ஒரு குரல் வந்தது. நாக்குக் குழறிய, நெடுநாளாக யாரும் கேட்காத ஆண் குரல். விரால் வருகிறது என்று அடுத்த வீட்டுக்குச் சொல்லப் பார்க்கிறது. அடுத்த வீட்டில்தான் ஆளில்லை.

"எடு தாயி" என்றார் பூசாரி.

ஆவுடை மணக்காத பொட்டலத்தை எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.